தண்டுவட மரப்பு நோய்: தடுப்பாற்றல் கொள்கைகளும் மாற்று மருந்துகளும்

மும்பைத் தீவுக்குக் கிழக்கே, தாணே கழிமுகத்தின் மறுகரையில், சிட்கோ நிறுவனம் 1970ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய புதிய நகரின் முதற் குடியிருப்புகளுள் ஒன்று வாஷி. 1973இல் கழிமுகப் பாலம் திறக்கப்பட்டது. 1992இல் மான்குர்டிலிருந்து இரயில் பாதை நீட்டப்பட்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இக்கரையில் குடியேறின. இன்று வாஷியில் தாணே இரயிலில் ஏறினால் சில நிலையங்களுக்கு அப்பால் ரபாலே வரும். அங்குள்ள ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸ் நிறுவனம், இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ என்னும் மருந்தின் உள்நாட்டு நிகர் வடிவத்திற்கு 2011இல் அனுமதி பெற்றது. ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோய்க்கு உரிய மருந்து அது. எதிர்த் திசையில் சென்று குர்லாவில் வண்டி மாறினால் சயான், பரேல் ஆகிய இடங்களின் பெரிய பொது மருத்துவமனைகளை அடையலாம். மருந்து செய்யும் ஆலையும் நரம்பியல் மருத்துவரும் இவ்வளவு அருகில் இருந்தும், இந்நோய் கண்ட ஒருவருக்கு எந்த மருந்தைத் தருவது, அதை எத்தனை ஆண்டு வாங்க முடியும் என்னும் வினாக்கள் எளிதில் தீர்வதில்லை. விலை ஒரு காரணம். நோயின் மூலத்தைப் பற்றிய கொள்கைகள் மாறிக்கொண்டே வந்திருப்பது மற்றொரு காரணம்.

தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் இதனைத் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று குறிக்கின்றன. பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. தண்டுவடம் மட்டுமன்றி மூளையும் பார்வை நரம்பும் இந்நோய்க்கு இலக்காகின்றன. மின்கம்பியின் மேல் இரப்பர் உறை இருப்பது போல நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலின் தடுப்பாற்றல் அணுக்கள் இந்த உறையை அந்நியப் பொருளாகக் கருதி ஆங்காங்கே அரித்துவிடுகின்றன. அரித்த இடங்கள் பின்னர் வடுவாகி இறுகுகின்றன. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக இந்நோய் தோன்றுகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை, காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியவை சில வாரங்கள் இருந்து தாமே தணியும்; மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வரும். இத்தகைய மறுதாக்குதல்களுக்குப் பின் எஞ்சும் ஊனம் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும்.

தாமே தணியும் இந்த இயல்பை இக்கட்டுரையைப் படிப்போர் நினைவில் இருத்த வேண்டும். தாக்குதலின் உச்சத்தில் எந்தக் கஷாயத்தைக் கொடுத்தாலும், எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், அடுத்த மாதம் நோயாளி தேறியிருக்க வாய்ப்புண்டு. அந்தத் தேறுதலின் பெருமை கடைசியாக உண்ட மருந்துக்குச் சென்றுவிடும்.

இந்தியாவில் இல்லாத நோயா?

வெயில் மிகுந்த நாடுகளில் இந்நோய் அரிது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. நம் நாட்டில் இது கிடையாது என்று கருதிய மருத்துவர்களும் இருந்தனர். 1975இல் பி.எஸ். சிங்கால், என்.எச். வாடியா ஆகிய நரம்பியல் வல்லுநர்கள் பம்பாய் வட்டாரத்து நோயாளிகளை விவரித்து வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்தை அசைத்தது. அடுத்த பத்தாண்டில் நடந்த பார்சி சமூகத்தினர் பற்றிய ஆய்வுகள் அதனினும் வியப்புக்குரியவை. 1988இலும் 1990இலும் வெளிவந்த கணக்கெடுப்புகளின்படி, பம்பாய், புனே நகரங்களின் பார்சிகளிடையே இலட்சம் பேருக்கு இருபதுக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அதே நகரின் பிற மக்களிடம் காணப்பட்ட அளவு இதில் சிறு பகுதியே. காற்று ஒன்று, வெயில் ஒன்று, குடிநீர் ஒன்று. நோயின் அளவு மட்டும் வேறு. மரபுவழிக்கு இதில் பங்குண்டு என்பதற்கு இந்நகரமே ஓர் இயற்கைச் சோதனைக் கூடமாக அமைந்தது எனலாம்.

எம்.ஆர்.ஐ. படக்கருவிகள் பரவிய பின்னர் நோயைக் கண்டறிவது எளிதாயிற்று. 2014இல் வெளியான மங்களூர் ஆய்வு இலட்சத்திற்கு எட்டுப் பேர் என்ற அளவைக் காட்டியது. ஐரோப்பாவை நோக்க இது குறைவே. ஆயினும் இந்திய மக்கள்தொகையின் அளவில் வைத்துப் பார்த்தால் அரிய நோய் என்று ஒதுக்கத் தக்கதன்று. இந்நோயாளிகளுக்கான இந்தியச் சங்கம் 1985இல் மும்பையில் தோன்றியது. சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

நாய்க்கடி ஊசி கற்பித்த பாடம்

தடுப்பாற்றலே நரம்பைத் தாக்குகிறது என்னும் கொள்கைக்கு மிகத் தெளிவான சான்று, நம் நாட்டார் நன்கறிந்த ஒரு மருந்திலிருந்து கிடைத்தது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பதினான்கு ஊசிகளை முதியோர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். டேவிட் செம்பிள் என்பார் 1911இல் கசௌலியில் வகுத்த முறைப்படி, வெறிநோய்க் கிருமி ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலறச் செய்து அந்தத் தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டது. குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்திலும் நரம்புத் திசுவிலிருந்து எடுக்கப்பட்ட தடுப்பு மருந்து நெடுங்காலம் தயாராயிற்று. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு, வெறிநோய் வாராமலேயே, இரண்டொரு வாரங்களில் கால்கள் செயலற்றன. சிலருக்கு மூளை அழற்சி கண்டது. உள்ளே சென்ற ஆட்டு மூளையில் மயலினும் இருந்தது. அதனை எதிர்க்கப் பழகிய தடுப்பாற்றல், மனிதனின் சொந்த மயலினையும் எதிர்க்கத் தொடங்கிற்று. இவ்வாறு பாதிக்கப்பட்டோரிடம் மயலினின் அடிப்படைப் புரதத்திற்கு எதிரான பொருள்கள் உண்டாகியிருந்ததைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 1987இல் எடுத்துக் காட்டினர். இந்தியாவில் இவ்வகை ஊசியின் தயாரிப்பு 2004ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது.

இந்த விபத்துகளின் காரணத்தை அறிய முற்பட்டே, அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்கு நலமான முயல் மூளையைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். கிருமி ஏதும் இன்றியே சில குரங்குகளின் மயலின் அழிந்தது. அன்று முதல் இச்சோதனை நோயின் மாதிரியாக ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இவ்வாறு விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் நோக்குடன் நான்கு அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு செயற்கைப் புரதம் செய்தார்கள். அது நோயைத் தருவதற்குப் பதிலாகத் தடுத்தது. அதுவே கிளாட்டிராமர். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தின் நிகர் வடிவத்தை இன்று ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனமும் தயாரிக்கிறது.

கொள்கை வழி தவறிய இடங்கள்

ஒரு கொள்கை நன்றாக இருந்தால் அதிலிருந்து பிறக்கும் மருந்தும் நன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இந்நோயின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இன்டர்ஃபெரான் வகைப் பொருள்கள் கிருமிகளை எதிர்ப்பவை. நோய்க்குப் பின்னே ஒரு கிருமி இருக்கலாம் என்ற ஊகத்தில் இன்டர்ஃபெரான் காமாவை 18 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். அவர்களுள் எழுவருக்கு மருந்து உட்கொண்ட காலத்திலேயே நோய் கிளர்ந்தெழுந்தது. 1987இல் வெளியான அம்முடிவு, தடுப்பாற்றலைத் தூண்டுவது இந்நோயில் தீங்கு என்பதை நிலைநாட்டியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் பீட்டா, மறுதாக்குதல்களைக் குறைத்து 1993இல் அனுமதி பெற்ற முதல் மருந்தாயிற்று. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுப்பது மூட்டுவாத நோயில் பெரும் பயன் தந்தது. கொள்கைப்படி இந்நோயிலும் தந்திருக்க வேண்டும். 1999இல் வெளியான சோதனையில் தாக்குதல்கள் கூடின.

இவ்விடத்தில் ஒன்றைக் கூற வேண்டும். ‘நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ என்னும் வாசகம் தாங்கிய பொடிகளும் கஷாயங்களும் கடைகளில் மலிந்துள்ளன. சளி, காய்ச்சலுக்கு அவற்றின் பயன் எத்தகையதாயினும், தன் உடலையே தாக்கும் தடுப்பாற்றலை உடைய ஒருவருக்கு அந்த வாசகம் பரிந்துரையாகாது. அது உண்மையாயின் ஆபத்து, பொய்யாயின் பணவிரயம்.

நெடுங்காலம் டி அணுக்களே குற்றவாளிகள் என்று கருதப்பட்டன. பி அணுக்கள் எதிர்ப்பொருள் சுரப்பவை என்பதால் அவற்றுக்கு இரண்டாம் இடமே தரப்பட்டது. 2008இல் 104 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியானபோது இக்கருத்து புரண்டது. இரத்தப் புற்றுநோய்களில் பயன்பட்டு வந்த ரிட்டக்சிமாப், பி அணுக்களைத் துடைத்தெடுப்பது. அதனைச் செலுத்திய சில வாரங்களிலேயே மூளையின் புதிய அழற்சிப் புள்ளிகள் பெரிதும் குறைந்தன. உடலிலிருந்த எதிர்ப்பொருளின் அளவு அவ்வளவு விரைவில் குறையவில்லை. எனவே பி அணுக்களின் முதன்மையான தீங்கு, எதிர்ப்பொருள் சுரப்பதைக் காட்டிலும், டி அணுக்களுக்கு இலக்கைச் சுட்டிக்காட்டித் தூண்டுவதில் உள்ளது என்று இப்பொழுது கருதப்படுகிறது.

பி அணுக்களுக்குள் வாழ்நாள் முழுதும் ஒளிந்திருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸின் பக்கம் ஆய்வாளர் பார்வை திரும்பியது இதன் தொடர்ச்சியே. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோய் கண்ட 801 பேருள் ஒருவரைத் தவிர அனைவரும் அதற்கு முன்பே இவ்வைரஸால் பீடிக்கப்பட்டிருந்தனர். தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. வைரஸின் புரதம் ஒன்றும் நரம்பு மண்டலத்தின் புரதம் ஒன்றும் உருவில் ஒத்திருப்பதையும் அவ்வாண்டே மற்றொரு குழு காட்டியது. ஆட்டு மூளையால் நேர்ந்த அதே ஆள்மாறாட்டம் இங்கும் நேர்கிறது போலும். ஆயினும் உலகில் வளர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் இவ்வைரஸைச் சுமப்பவரே. அவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. இந்தியாவில் இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நேர்ந்துவிடுகிறது. வளரிளம் பருவத்தில் காய்ச்சலும் கழலை வீக்கமுமாக வெளிப்படும் தொற்றே நோய் வாய்ப்பை மிகுதிப்படுத்துவதாகத் தெரிகிறது. நம் நாட்டில் நோய் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

முதலில் நோயின் பெயர்

மருந்தைப் பற்றிப் பேசுமுன் நோயறிதலைப் பற்றிப் பேசியாக வேண்டும். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் நோய் நெடுநாள் இதன் ஒரு வகையாகவே எண்ணப்பட்டது. ஆசிய நாடுகளில் அது ஒப்பளவில் மிகுதி. அந்நோய்க்கே உரிய எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்ட பின்னர், அது தனி நோய் என்பது உறுதியாயிற்று. இப்பாகுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒன்றுக்கு நன்மை செய்யும் இன்டர்ஃபெரான் பீட்டா மற்றொன்றைக் கிளறிவிடும். ஃபிங்கோலிமோட் மாத்திரையும் அவ்வாறே. இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைத் தேடும் ஒரு சோதனைக்கு ஆகும் செலவு, தவறான மருந்தால் போகும் பார்வையுடன் ஒப்பிட்டால் மிகச் சிறிது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து மாதிரியை அனுப்பிப் பெறும் ஏற்பாடு எங்கெங்கு உண்டு என்பதை நலவாழ்வுத் துறை அலுவலர்கள் அறிந்துவைத்திருப்பது நன்று.

விலையும் சான்றும்

‘மாற்று மருந்து’ என்ற சொல் இங்கு இரு வேறு பொருளில் வழங்குகிறது. இக்குழப்பமே பல குடும்பங்களை அலைக்கழிக்கிறது. விலை மிகுந்த மருந்துக்கு மாற்றாக, வேறு நோய்க்கென உருவாகி இந்நோயிலும் சோதிக்கப்பட்ட பழைய, மலிவான மருந்து ஒருவகை. சோதனையே காணாமல் நம்பிக்கையின் பேரில் விற்கப்படுவது மற்றொரு வகை. இரண்டும் மலிவாக இருக்கலாம். முன்னதற்குச் சான்று உண்டு.

அசதியோபிரின் முன்னதைச் சேர்ந்தது. சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் இம்மாத்திரைக்கு நாளொன்றுக்குச் சில பத்து ரூபாய்தான் ஆகும். இன்டர்ஃபெரான் ஊசிக்கோ மாதந்தோறும் பல்லாயிரம் தேவைப்படலாம். இத்தாலியில் 150 நோயாளிகளைப் பிரித்து இரண்டு மருந்துகளையும் இரண்டாண்டு ஒப்பிட்டனர். மறுதாக்குதலைக் குறைப்பதில் அசதியோபிரின் இன்டர்ஃபெரானுக்குத் தாழ்ந்ததன்று என 2014இல் அம்முடிவு வெளியாயிற்று. காப்புரிமை முடிந்த மருந்தாதலின் இச்செய்தியைப் பரப்ப விற்பனைப் பிரதிநிதி எவரும் வரவில்லை. இடர்களும் உள. எலும்பு மச்சையில் இரத்த அணு உற்பத்தி திடீரெனக் குன்றக்கூடும். என்.யு.டி.டி.15 என்னும் மரபணுவின் ஒருவகை மாறுபாடு உடையவர்க்கு இவ்வபாயம் அதிகம். அம்மாறுபாடு ஐரோப்பியரைவிட ஆசியரிடம், இந்தியர் உட்பட, மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே தொடக்க வாரங்களில் இரத்த அணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்தாக வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் புற்றுநோய் வாய்ப்புச் சற்றுக் கூடலாம் என்னும் ஐயமும் தீரவில்லை.

ரிட்டக்சிமாப் இவ்வகையின் தலைசிறந்த சான்று. 2017இல் அனுமதி பெற்ற ஆக்ரிலிசுமாப் என்னும் புதிய மருந்தும் அதே பி அணுக்களையே நீக்குவது, விலையோ பன்மடங்கு. ரிட்டக்சிமாபின் நிகர் வடிவத்தை உலகிலேயே முதலில், 2007இல், விற்பனைக்குக் கொண்டுவந்தது ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம். ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் இதனைப் பெருமளவில் பயன்படுத்தி, டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையுடன் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டில் மறுதாக்குதல் கண்டோர் ரிட்டக்சிமாப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 3 பேர், மற்ற பிரிவில் 16 பேர். வழக்கமாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தினால் போதும். வாஷியிலிருந்து பரேலுக்கு ஆண்டில் இருமுறை செல்வது, வாரம் மும்முறை ஊசி போட்டுக்கொள்வதினும் எளிது. தொடங்குமுன் மஞ்சள்காமாலை பி வகைக்கும் காசநோய்க்கும் சோதனை செய்ய வேண்டும். உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி விழித்து உயிருக்கே உலை வைத்த நிகழ்வுகள் உண்டு. தேவையான தடுப்பூசிகளையும் முன்கூட்டியே போட்டுவிடுதல் நலம், ஏனெனில் பி அணுக்கள் நீங்கிய பின் தடுப்பூசிக்கு உடல் சரிவர மறுமொழி தராது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது குறைந்த அளவு நால்ட்ரெக்சோன். அபின், மது ஆகியவற்றின் பழக்கத்திலிருந்து மீட்க 50 மில்லிகிராம் அளவில் தரப்படும் மருந்து இது. 1980களில் நியூயார்க் மருத்துவர் பெர்னார்ட் பிகாரி, 3 முதல் 4.5 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவை இரவில் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். உடலின் இயற்கை வலியடக்கியான எண்டார்ஃபின் செயற்படும் வாயிலைச் சில மணி நேரம் அடைத்தால், உடல் ஈடுசெய்ய எண்டார்ஃபினை மிகுதியாகச் சுரக்கும். அது தடுப்பாற்றலைச் சீர்செய்யும் என்பது கொள்கை. 2010இல் வெளியான இரு சோதனைகளுள், அமெரிக்காவில் 60 பேரிடம் எட்டு வாரம் நடந்தது மனநிலை தொடர்பான வாழ்க்கைத் தரத்தில் முன்னேற்றம் கண்டது. ஈரானில் 96 பேரிடம் நடந்தது குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காணவில்லை. மறுதாக்குதலைத் தடுக்கிறது என்பதை எந்தச் சோதனையும் நிறுவவில்லை. 2013இல் நார்வேயில் ஒரு தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பான பின் ஆயிரக்கணக்கானோர் இதனை உட்கொள்ளத் தொடங்கினர். அவர்களுள் இந்நோயாளிகள் வாங்கிய பிற மருந்துகளின் அளவைப் பதிவேடுகளில் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. ஊறு குறைந்த மருந்தே. டிரமடால் போன்ற அபின் வகை வலி மாத்திரை உண்பவர் மட்டும் இதனைத் தொடக்கூடாது. உண்மையான ஊறு, இதனை நம்பிச் சான்றுள்ள மருந்தை நிறுத்துவதில் இருக்கிறது. காப்புரிமை இல்லாத மருந்துக்குப் பெருஞ்சோதனை நடத்த எந்த நிறுவனமும் பணம் இடாது. அரசு ஆராய்ச்சி நிதி நுழையவேண்டிய இடம் இதுவே.

வைட்டமின் டி பற்றியும் முடிவுகள் முரண்படுகின்றன. கிளாட்டிராமருடன் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 2023இல் பயன் தெரியவில்லை. நோயின் முதல் அறிகுறி கண்ட 316 பேரிடம் பிரான்சில் நடத்தி 2025இல் வெளியிட்ட சோதனையில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் இலட்சம் அலகு பெற்றவர்களிடம் நோயின் செயற்பாடு குறைந்தது. மினோசைக்ளின் என்னும் மலிவான நுண்ணுயிர்க்கொல்லி, கனடாவில் ஆறு மாதம் வரை பயன் காட்டி, 24 மாதத்தில் அப்பயனை இழந்தது. இவை தோல்விகளே ஆயினும் நேர்மையான தோல்விகள்.

2009இல் எழுந்த கழுத்துச் சிரை அடைப்புக் கொள்கையின் கதை வேறு. கழுத்துச் சிரைகள் குறுகியதே நோய்க்குக் காரணம் என்று இத்தாலியில் ஒருவர் அறிவிக்க, சிரையை விரிக்கும் சிகிச்சைக்காகக் கனடா நோயாளிகள் இந்தியா வரையிலும் பறந்து வந்தனர். நோயற்றவர்களிடமும் அதே குறுக்கம் உண்டு என 2013இல் தெரியவந்தது. கொள்கையை முன்மொழிந்தவரே முன்னின்று நடத்திய சோதனையும் பயனின்மையை 2017இல் ஒப்புக்கொண்டது.

அலுவலர் மேசையில்

ரிட்டக்சிமாபின் உரிம ஏட்டில் இந்நோயின் பெயர் இல்லை. எனவே கொள்முதல் பட்டியல் தயாரிக்கும் அலுவலரும் காப்பீட்டுக் கோரிக்கையைப் பரிசீலிப்பவரும் தயங்குவது இயல்பே. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் இந்நோய்க்கான மருந்துகளைச் சேர்க்கும் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. 2023 ஜூலையில் வெளியான அதன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் கிளாட்டிராமர், கிளாட்ரிபின், ரிட்டக்சிமாப் ஆகிய மூன்றும் முதன்முறையாக இடம்பெற்றன. உரிம ஏட்டில் இல்லாத பயன் என்பதை அறிந்தே, சான்றையும் விலையையும் சீர்தூக்கி, நிகர் வடிவங்கள் உட்பட மூன்றாவது மருந்து சேர்க்கப்பட்டது. கோப்பில் குறிப்பெழுத இதைவிட உறுதியான ஆதாரம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தான் வகைப்படுத்திய 21 குறைபாடுகளுள் நாட்பட்ட நரம்பியல் நோய்களின் கீழ் இந்நோயையும் பார்கின்சன் நோயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மதிப்பீட்டு வழிகாட்டிகள் 2018இல் வெளியாயின. பெரும்பாலான சலுகைகளுக்கு நூற்றுக்கு 40 என்னும் அளவு வேண்டும். தடை இங்குதான் எழுகிறது. கைகால் இழந்தவரின் குறையை எந்நாளிலும் அளந்துவிடலாம். இந்நோயாளி, தாக்குதல் தணிந்த மாதத்தில், காலை வேளையில், மருத்துவக் குழுவின் அறைக்குள் தம் காலாலேயே நடந்து வருவார். பிற்பகலில் வாஷி நிலையத்தின் படிகளில் ஏற அவரால் முடியாமற் போகலாம். வெப்பம் ஏறினால் மயலின் இழந்த நரம்பின் செய்தி கடத்தும் திறன் மேலும் குன்றுகிறது. சிறுநீர்க் கட்டுப்பாட்டின்மையும் சோர்வும் பார்வைக்குப் புலப்படுவதில்லை. ஆகவே சான்றிதழுக்கு வருவோரிடம் அன்றைய நடையை மட்டும் பார்த்து அளவிடாமல், முந்தைய தாக்குதல்களின் மருத்துவக் குறிப்புகளையும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். நோயாளிகளும் ஒவ்வொரு தாக்குதலின்போதும் பெறும் மருத்துவமனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருத்தல் நலம்.